கழிவு யாருடைய கணக்கில்?

தம்புள்ளையில் இந்திய நிதியுதவியுடன் நிர்மாணிக்கப்பட்ட 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுடைய, வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட விவசாயக் களஞ்சியம் 2025 ஏப்ரல் மாதத்தில் இந்தியப் பிரதமரின் விஜயத்தின்போது திறந்து வைக்கப்பட்டது. அறுவடைக் காலத்தில் விலை வீழ்ந்து விளைபொருட்களை வீதியோரத்தில் கொட்டிவிட்டுச் செல்லும் விவசாயிகளை ஆண்டுதோறும் கண்டுவரும் எமக்கு இது மகிழ்ச்சிக்குரிய விடயமே. எனினும், களஞ்சியத்தின் வாசலை அடைவதற்கு முன்னரே அழிந்துபோகும் பொருளை எந்தக் குளிரூட்டியாலும் மீட்டெடுக்க முடியாது என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டியுள்ளது.

இலங்கையில் மரக்கறி, பழவகைகளில் ஏற்படும் அறுவடைக்குப் பிந்திய இழப்பு 30 முதல் 40 வீதம் வரை எனப் பல ஆண்டுகளாக மதிப்பிடப்பட்டு வருகின்றது. இவ்விழப்பின் பெரும்பகுதி வயலுக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட பயணத்திலேயே நிகழ்கின்றது. கோவாவையும் தக்காளியையும் கத்தரிக்காயையும் உரப்பைகளில் திணித்து, வாயைத் தைத்து, லொறியில் ஒன்றன்மீது ஒன்றாக அடுக்குகின்றனர். அடுக்குகளின் மேல் ஆட்கள் ஏறி நின்று மேலும் மூடைகளை வாங்கிப் போடுகின்றனர். அடியிலுள்ள மூடை நசுங்கி, காற்றோட்டமின்றி வெந்து, பல மணித்தியாலங்களின் பின்னர் தம்புள்ளையிலோ பேலியகொடையிலோ இறக்கப்படுகின்றது. அங்கிருந்து மற்றொரு லொறி, மற்றொரு மூடை, மற்றொரு சந்தை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பங்கு கழிந்து போகின்றது.

இதனைத் தடுக்கும் வழி எவருக்கும் தெரியாததல்ல. 2011 ஆம் ஆண்டின் இறுதியில் மரக்கறிகளையும் பழங்களையும் பிளாஸ்டிக் கூடைகளிலேயே ஏற்றிச் செல்ல வேண்டுமென நுகர்வோர் விவகார அதிகார சபையின் பணிப்புரை மூலம் கட்டாயப்படுத்த அரசாங்கம் முற்பட்டது. நோக்கம் சரியானது, கணக்குத்தான் தவறிவிட்டது. தம்புள்ளையில் வியாபாரிகளும் விவசாயிகளும் கிளர்ந்தெழுந்தனர். கூடையின் விலையை யார் கொடுப்பது? மூடைகளை ஏற்றிய அளவுக்குக் கூடைகளை ஏற்ற முடியாதபோது மேலதிக லொறிக் கூலியை யார் தாங்குவது? எல்லாவற்றிலும் முக்கியமாக, வெறுங்கூடை எவ்வாறு வீடு திரும்புவது? உரப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடலாம். கூடையோ திரும்பும் வழியிலும் லொறியில் இடம் கேட்கின்றது. பொருள் செல்லும் பாதையை வகுத்தவர்கள் கூடை திரும்பும் பாதையைப் பற்றிச் சிந்திக்கவில்லை. எதிர்ப்பின் முன்னால் அரசாங்கம் தளர்ந்து கொடுத்தது, உரப்பை வென்றது.

ஆனால் இதே நாட்டில் கூடை வெற்றிபெற்ற இடமும் உண்டு. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் ஆரம்பிக்கப்பட்ட அதே 1999 ஆம் ஆண்டில், கார்கில்ஸ் நிறுவனம் ஹங்குரன்கெத்தையில் விவசாயிகளிடம் நேரடியாகக் கொள்வனவு செய்யும் சேகரிப்பு நிலையமொன்றைத் தொடங்கியது. அங்கு பொருளும் கூடையும் லொறியும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தன. கடைக்கு மரக்கறி கொண்டு சென்ற லொறியே வெறுங்கூடைகளைத் திருப்பிக் கொண்டுவரலாம். நசுங்கிய தக்காளியின் நட்டம் தன்னுடைய கணக்கிலேயே விழும் என்பதை அறிந்தவன் தக்காளியை நசுக்க மாட்டான்.

பொதுச் சந்தையிலோ அந்த நட்டத்தைப் பிறர் தலையில் சுமத்த முடிகின்றது. யாழ். குடாநாட்டுச் சந்தைகளில் நீண்டகாலமாக நிலவிவந்த ‘10 வீதக் கழிவு’ இதற்கு எம் கண்முன்னேயுள்ள சான்றாகும். 100 கிலோ மரக்கறியைக் கொண்டுவந்த விவசாயிக்கு 90 கிலோவுக்கே பணம் கிடைக்கும். வழியில் பழுதாகப் போவதற்கும் நிறை குறைவதற்குமான ஈடு என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம். அதாவது, இன்னும் லொறியில் ஏற்றப்படாத பொருளின் எதிர்கால இழப்பை, அதனைப் பேணுவதில் எவ்விதப் பங்கும் இல்லாத விவசாயி முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும்! விவசாயிகளின் எதிர்ப்பும் அதிகாரிகளின் அறிவுறுத்தல்களும் பலமுறை வந்துபோயின. தராசின் அருகே அதிகாரி நிற்கும் நாட்களில் மாத்திரம் நியாயம் நிலைப்பதென்றால் அதனால் பயனில்லை. கழிவை முற்பணமாகப் பெற்றுக்கொண்ட வியாபாரி கூடை வாங்க வேண்டிய தேவைதான் என்ன?

வட மாகாணத்தின் விநியோகப் பிரச்சினைக்கு வேறொரு வரலாறும் உண்டு. ஏ-9 வீதி மூடப்பட்டிருந்த 2006 முதல் 2009 வரையான காலத்தில் குடாநாட்டு மக்களின் உணவு கப்பலை நம்பியிருந்தது. உற்பத்திகளைத் தெற்கே அனுப்பும் வழியும் அடைபட்டது. அதற்கு முன்னர், வீதி திறந்திருந்த நாட்களிலும் முகமாலையிலும் ஓமந்தையிலும் பொருட்களை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு லொறி பழங்களை இருமுறை இறக்கி ஏற்றுவதென்றால் என்னவென்பதை விளக்க வேண்டியதில்லை. இன்று தடைகள் இல்லை; பாதை நல்ல பாதை. 1990 இல் நின்றுபோன புகையிரதமும் 2014 இல் யாழ்ப்பாணத்தை மீண்டும் வந்தடைந்தது. ஆனால் ஒரு காலத்தில் குடாநாட்டு விளைபொருட்களைக் கொழும்புக்குச் சுமந்து சென்ற அந்தப் பாதை பெரும்பாலும் பயணிகளுக்கு உரியதாகவே இருந்து வருகின்றது.

அரசாங்கங்கள் கண்ட தீர்வு கட்டடங்களே. வவுனியாவுக்கான பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என 2016 இல் எமது அரசியல்வாதிகள் மோதிக்கொண்டதையும், ஈற்றில் வேறோர் இடத்தில் எழுந்த கட்டடம் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மட்டுவிலில் 2022 மார்ச்சில் திறந்து வைக்கப்பட்ட நிலையத்திலும் எதிர்பார்த்த வியாபாரம் சூடுபிடிக்கவில்லை. ஏ-9 வீதிக்கு அண்மை என்பது மட்டுவிலுக்குச் சாதகமானதே. ஆனால் செறிவாகத் தோட்டம் செய்யப்படும் வலிகாமத்தின் விவசாயிக்குச் சுன்னாகமும் மருதனார்மடமும் திருநெல்வேலியும் அருகில் இருக்கையில், தென்மராட்சி வரை செல்வது மேலதிகக் கூலியும் மேலதிக ஏற்றி இறக்கலுமாகும். கொள்வனவாளர் அங்கு வருவார் என்ற உறுதியில்லாமல் அவர் ஏன் போக வேண்டும்? விவசாயி வராத இடத்துக்குக் கொள்வனவாளர்தான் ஏன் வர வேண்டும்?

தம்புள்ளையிலிருந்து மலைநாட்டு மரக்கறிகளுடன் வடக்கே வரும் லொறிகள் திரும்பிச் செல்லத்தான் வேண்டும். அவற்றில் எத்தனை, எந்நாளில், எவ்வளவு இடத்துடன் திரும்புகின்றன என்பது விவசாயிக்கு முதல்நாளே தெரியுமானால் அவரது பேரம் பேசும் பலம் வேறாக இருக்கும். 2022 இன் எரிபொருள் நெருக்கடியின்போது, வாகனமொன்று வருமா வராதா என்பதே தோட்டத்து விலையைத் தீர்மானித்ததை நாம் கண்டோம். இத்தகவலைத் திரட்டி வழங்குவதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. கூடைக்கும் அவ்வாறே. சோடாப் போத்தலுக்கு வைப்புப்பணம் வாங்கி, வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்ததும் பணத்தை மீள வழங்கும் முறை எமது பெட்டிக்கடைகளில் நெடுங்காலம் பழகிய ஒன்றே. பொருளாதார மத்திய நிலையங்கள் கூடைகளைச் சொந்தமாக வைத்திருந்து, கழுவி, வைப்புப்பணத்துக்கு வழங்கி, எந்த நிலையத்திலும் திருப்பியேற்கலாம். பூட்டிக் கிடந்த கட்டடங்களுக்கும் அப்போது ஒரு வேலை கிடைக்கும்.

தம்புள்ளைக் களஞ்சியத்தைப் பற்றி எமக்குள்ள கேள்வியும் இதனையொட்டியதே. அதில் இடம் பெறப்போவது யார்? விலை வீழ்ந்த நாளில் வாங்கி, ஏறும் வரை வைத்திருக்கும் வசதி மொத்த வியாபாரிக்கு மாத்திரம் கிடைக்குமாயின், தராசடியில் விவசாயியின் நிலை மேலும் தாழும். விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கமக்கார அமைப்புகளுக்கும் அங்கு குறித்த பங்கை ஒதுக்கி, அதற்கான வாடகையையும் நிபந்தனைகளையும் மும்மொழிகளிலும் பகிரங்கப்படுத்த விவசாய அமைச்சு முன்வர வேண்டும்.