திரும்பி வந்த பதக்கம்

தோழனே! பிரிட்டனில் ஆண்டுக்கு இருமுறை பட்டமளிப்புப் படலம் அரங்கேறுகிறது. புத்தாண்டில் ஒன்று; மன்னர் பிறந்தநாளை ஒட்டி மற்றொன்று. பொதுத்தொண்டு புரிந்தோருக்கு அரச முத்திரையிட்ட பதக்கங்கள்! 1917ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்திய வரிசைக்குப் 'பிரிட்டிஷ் சாம்ராஜ்ய விருது' என்றே இன்றும் பெயர். சாம்ராஜ்யம் போயிற்று, பெயர்ப்பலகையைக் கழற்றத்தான் மனம் வரவில்லை அவர்களுக்கு!

பெயர் கிடக்கட்டும். பெறுபவர் யார் என்பதே நம் வழக்கு.

2019 புத்தாண்டுப் பட்டியலில் பவுலா வென்னல்ஸ் அம்மையாருக்குச் 'சி.பி.இ.' வழங்கப்பட்டது. அஞ்சலக நிறுவனத்தின் தலைமை நிர்வாகி அவர். அஞ்சலகத்துக்கு ஆற்றிய தொண்டுக்காகவாம்!

அதே அஞ்சலகத்தில் நடந்ததைக் கேள். ஊர்தோறும் கடையோடு சேர்த்துக் கிளை அஞ்சலகம் நடத்திவந்த எளியோர், 'ஹொரைசன்' என்ற கணிப்பொறி ஏற்பாட்டை நம்பிக் கணக்கு முடித்தனர். அது, இல்லாத பற்றாக்குறையை இருப்பதாகக் காட்டிற்று. களவாடியவர் நீரே என்று கைநீட்டினர் மேலிடத்தார். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். வீடு இழந்தார், சிறை சென்றார், ஊரார் ஏச்சுக்கு ஆளானார் எத்தனை பேர்! 555 பேர் உயர்நீதிமன்றத்தில் வழக்காடிக் கொண்டிருந்த வேளையிலேதான் தலைமைப் பீடத்துக்குப் பதக்கம் சென்றது. கோளாறு கணிப்பொறியிலே என்று அதே ஆண்டு டிசம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். பதக்கமோ இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏன்? தொண்டை அளக்க அவர்களிடமுள்ள கோல், நாற்காலியின் உயரம்! பெரிய நாற்காலிக்குப் பெரிய எழுத்து. வீதியில் உழைப்பவனுக்குச் சிறிய எழுத்து.

வழக்கை முன்னின்று நடத்தியவர் ஆலன் பேட்ஸ். வேல்ஸ் கடற்கரை ஊரொன்றில் நடத்திய அஞ்சலகத்தை 2003ல் பறிகொடுத்தவர், இருபதாண்டு ஓயாதவர். 2023ல் அவருக்கு 'ஓ.பி.இ.' தர முன்வந்தனர், சி.பி.இ.க்கு ஒரு படி கீழே! திருடர் பட்டம் சுமந்தோருக்காகப் போராடியவன், அந்த நிறுவனத்தின் தலைவிக்குக் கீழ்ப்படியில் நிற்பதா? அம்மையாரிடம் அந்த விருது இருக்கும்வரை எனக்கு வேண்டாம் என மறுத்தார். மானமுள்ள மறுப்பு!

2024 சனவரியில் இக்கதை தொலைக்காட்சியில் நான்கு இரவுகள் நாடகமாயிற்று. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு, விருதைத் திரும்பப் பெறுக என்றனர். அம்மையார் தாமே திருப்பித் தருவதாக அறிவித்தார். பிப்ரவரியில் மன்னர் முறைப்படி பறித்தார். தீர்ப்பு அசைக்காத பதக்கத்தை நாடகம் அசைத்தது! நாடகம் எழுதுபவன் எனக்கு இதிலே சற்றுக் கர்வம் உண்டு; பொறுத்துக்கொள்.

அவ்வாண்டு ஜூனில் பேட்சுக்குச் 'சர்' பட்டம் வந்தது, ஏற்றார். மறுத்தவர் ஏற்கலாமா என்பார் உளர். நான் குறைகூற மாட்டேன். மறுத்ததற்கான காரணம் அகன்ற பிறகே ஏற்றார். நான் கேட்பது வேறு. மன்னர் பெயரால் பட்டம் வந்து சேர்ந்த அன்றும், அவருடைய இழப்பீட்டுக் கணக்கை அரசு தீர்த்திருக்கவில்லையே!