யார் வைத்த டார்கெட்?

ஆபீசுக்குப் போகிறவர்கள் உள்ள வீடுகளில் 'டார்கெட்' என்ற சொல் காதில் விழாத நாளே கிடையாது. மாதக் கடைசி வந்தால் கணவனோ, மகளோ, மருமகளோ சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதே ஜபம்தான். "அது என்ன அப்பேர்ப்பட்ட பூதம்?" என்று கேட்கும் சகோதரிகளுக்காக, அமெரிக்காவில் நடந்த இரண்டு சமாசாரங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வெல்ஸ் ஃபார்கோ என்ற பெரிய பாங்கியின் கதை. வாடிக்கைக் குடும்பம் ஒவ்வொன்றின் தலையிலும் சேமிப்புக் கணக்கு, கடன், கிரெடிட் கார்டு என்று எட்டு இனமாவது கட்டிவிட வேண்டும் என்று மேலிடத்தார் தீர்மானித்தார்கள். ஏன் எட்டு? ஆங்கிலத்தில் 'எயிட்' என்பது 'கிரேட்' என்பதோடு சந்தம் சேருகிறதாம்! பாங்கியின் தலைவரே வருஷ அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறார். சந்தத்துக்காகப் பாட்டுக் கட்டுவார்கள்; பாங்கி நடத்துவார்களோ?

கிளையில் உட்கார்ந்திருந்த சிப்பந்திகளை யாரும் கலந்துகொள்ளவில்லை. "இன்று எத்தனை ஆயிற்று?" என்ற கேள்விதான் மேலிருந்து வந்தது. எந்தப் பகுதி முன்னே, எந்தப் பகுதி பின்னே என்ற பட்டியல் சில இடங்களில் தினமும் சுற்றி வந்தது. ஆனால், பேட்டையில் இருக்கிற ஜனங்களுக்கு எத்தனை கணக்குத்தான் வேண்டியிருக்கும்? கடைசியில், வாடிக்கைக்காரருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்குத் திறந்தார்கள். பொய்யான ஈ-மெயில் விலாசங்களைக்கூடச் சிருஷ்டித்தார்கள்.

2016 செப்டம்பரில் பாங்கிக்கு 18½ கோடி டாலர் அபராதம் விழுந்தது. சந்தேகத்துக்குரிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று மறு வருஷம் தெரியவந்தது. அதற்குள் ஐந்து வருஷங்களில் சுமார் 5,300 சிப்பந்திகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"பொய்க் கணக்கு எழுதினவர்களுக்கு வேலை போனால் என்ன?" என்று கேட்பீர்கள். நியாயந்தான். ஆனால் தம் கீழே நடந்த மோசடியைப் புகார் செய்த ஒரு மானேஜருக்கும் 2010இல் வேலை போயிற்றே! அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டு 54 லட்சம் டாலர் கொடுக்கும்படி அமெரிக்கத் தொழிலாளர் இலாகா 2017இல் உத்தரவிட்டது. தலைவர் 2016 அக்டோபரில் ராஜிநாமா செய்தார். கிளைகளில் விற்பனை டார்கெட்டும் எடுபட்டது.

அப்படியானால் இலக்கே கூடாதா? இரண்டாவது கதை கூகிள் கம்பெனியுடையது. இன்டெல் கம்பெனியில் ஆண்டி குரோவ் என்பவரிடம் கற்ற முறையை, ஜான் டோயர் 1999இல் அங்கே கொண்டுவந்தார். மேலே இருப்பவர் மட்டும் எண்ணைச் சொல்வது என்பதில்லை. அவரவரும் தம் இலக்கை எழுத வேண்டும். லாரி பேஜ் தலைவராக இருந்தபோது, அவருடைய இலக்கையும், அவர் வாங்கிய மார்க்கையும், நேற்றுச் சேர்ந்த பெண்கூடப் பார்க்க முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பத்துக்கு ஏழு வந்தாலே நல்ல மார்க். பத்துக்குப் பத்து வாங்குகிறவரைத்தான், "இலக்கைச் சிறிசாக வைத்துக்கொண்டாரோ?" என்று சந்தேகிப்பார்களாம். இந்த மார்க்கைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடுவதும் இல்லை.

மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த நம் சுந்தர் பிச்சை அங்கே 'குரோம்' என்ற இணைய உலாவியைக் கவனித்துவந்தார். 2008 முடிவுக்குள் வாரந்தோறும் 2 கோடிப் பேர் அதை உபயோகிக்க வேண்டும் என்பது இலக்கு. கிட்டவில்லை. அடுத்த வருஷம் 5 கோடி என்று ஏற்றினார்கள். 3 கோடியே 80 லட்சந்தான் வந்தது. இரண்டு தடவை தவறியது கம்பெனி முழுவதற்கும் தெரியும். மூன்றாம் வருஷம் இலக்கைக் குறைத்தார்களா? இல்லை, 11 கோடியே 10 லட்சம் என்று வைத்தார்கள். அந்த வருஷம் அது நிறைவேறிற்று. 2015இல் சுந்தர் பிச்சை கூகிளுக்கே தலைமை அதிகாரியானார்.