வேகம் இருந்தால் போதுமா?

எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில் பந்தயம் போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில், புல்லை உரசுவதுபோல் இறுதிக் கோட்டைக் கடப்பதைப் பார்த்துப் பதறுவது வெளியாட்கள்தானாம். வேகம் என்பது சேர்த்து வைத்த உயரம். மூக்கைத் தூக்கினால் உயரம் திரும்பி வந்துவிடும். தாழப் பறப்பதல்ல, மெதுவாகத் தாழப் பறப்பதுதான் ஆபத்து என்கிறார்கள்.

கணக்கில் பிழை இல்லை. 250-இல் வரும் கிளைடர் 100-ஆகக் குறையும்வரை மேலேறினால், காற்றின் இழுவையைக் கழிக்காமல் பார்த்தால் 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே கிடைக்கும். ஒரு சுற்று வந்து இறங்க அது தாராளம்.

ஆனால் அது வேகத்தோடு வந்து சேர்ந்தவரின் கணக்கு. கோடோ எல்லோருக்கும் பொது. கோடு போட்ட விமானக் களத்துக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவில் 110 மீட்டர் உயரத்தோடு வருபவரை நினைத்துப் பாருங்கள். ஒரு மீட்டர் இறங்கினால் 45 மீட்டர் முன்னேறும் கிளைடர் அவருடையது என்று வைத்துக்கொள்வோம். காற்று அசையாமல் இருந்தால் கோட்டைத் தரையோடு தரையாகத் தொடலாம், அவ்வளவுதான். கீழிறங்கும் காற்று ஓரிடத்தில் குறுக்கிட்டால் அதுவும் போச்சு. கீழே அறுவடை முடிந்த வயல் இருக்கிறது. இப்போதே இறங்கினால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. அன்றைய வேகப் புள்ளிகள் போய்விடும், சில நேரம் பந்தயமே போய்விடும். எனவே போகிறார். இன்னும் 2 கிலோமீட்டர் கழித்து உயரம் 60 மீட்டர் ஆனபோது, வயலைத் தேர்ந்தெடுக்கும் காலம் கடந்துவிட்டது. எதிரே வேலியா, மின்கம்பியா, சாலையா, எது வருகிறதோ அதுதான். தரைமட்டத்தில் போட்ட கோடு, கையிலிருக்கும் கடைசி மீட்டரையும் செலவழிக்கச் சொல்லி ஆசை காட்டுகிறது. மெதுவாகத் தாழ வருவதுதான் ஆபத்து என்று சொல்பவர்கள், அப்படி வரவைப்பதே அந்தக் கோடுதான் என்பதைச் சொல்வதில்லை.

சரி, வேகத்தோடு வந்தவராவது தப்பித்தாரா? கிளம்பும்போது கூட்டமாகக் கிளம்பியவர்கள் முடிக்கும்போதும் கூட்டமாகத்தான் வருகிறார்கள். மூக்கைத் தூக்கிய பைலட் கண்ணுக்கு வானம் தெரியும். பின்னாலும் கீழேயும் வருபவர் தெரியமாட்டார். இவர் மேலேறும் இடத்தில் இன்னொருவர் ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருக்கலாம். போதாக்குறைக்கு, வேகமானியின் மஞ்சள் பகுதி சலனமில்லாத காற்றுக்கு மட்டும்தான். வெயில் காய்ந்த பிற்பகலில் தரைக்கு அருகே அந்தக் காற்று எங்கே கிடைக்கும்?

தரையில் நிற்பவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2005-இல் இங்கிலாந்தின் ஹஸ்பண்ட்ஸ் பாஸ்வொர்த் களத்தில் நடந்த போட்டியில், தாழ வந்து முடித்த கிளைடர் ஒன்று மோதி, படமெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் இறந்தார். 250 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர். ‘வருகிறது’ என்று கத்தி முடிப்பதற்குள் வந்துவிடும்.

கோட்டுக்கு மாற்றாக வந்தது வளையம். களத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம்; அதன் விளிம்பைக் கடக்கக் குறைந்தபட்ச உயரம் உண்டு; அதற்குக் கீழே வந்தால் புள்ளி வெட்டு. வளையத்திலும் கோளாறு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பைலட் வெளியே பார்க்காமல் கருவியின் எண்ணையே பார்க்கிறார். பத்து மீட்டர் போதாமல் விளிம்பில் சட்டென்று மேலே இழுக்கிறார், பின்னால் வருபவர் திடுக்கிடுகிறார். ஆனால் இந்தத் தவறுகளைத் திருத்திக்கொள்ள அவருக்குக் கீழே இடம் இருக்கிறது. எண்ணைத் தவறவிட்டவர் புள்ளியை இழப்பார், இறங்க ஒரு வயலும் மிச்சமிருக்கும்.

பந்தயத்தின் அழகு போய்விட்டது என்பது கடைசிக் குறை. அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. விசிலடிப்பதுபோல் ஒலியெழுப்பித் தலைக்கு மேல் பாயும் அந்த வெள்ளை இறக்கையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இப்போது பந்தயம் கண்ணுக்கெட்டாத தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. வென்றது யார் என்பது, பறந்த பாதையைப் பதிவுசெய்யும் லாகர் கருவியின் கோப்புகளைப் பிரித்துப் படித்த பிறகுதான் தெரிகிறது.