வாளியைக் கட்டி இழுக்கும் பாய்மரப் படகுகள்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முப்பது, முப்பத்தைந்து அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகத் திரிகிற கூட்டம் ஒன்று உண்டு. பந்தயக்காரர்கள் இல்லை. ஓய்வு பெற்ற தம்பதிகள், வேலையை விட்டுவிட்டுக் கிளம்பியவர்கள், இப்படிப்பட்டவர்கள். இவர்கள் பாய்க்குச் செலவு பண்ணுகிற அழகைப் பார்க்க வேண்டுமே! துணி என்ன ரகம், தையல் எத்தனை வரிசை என்று ஆறு மாதம் ஆராய்ச்சி நடக்கும். அதே ஆள், தண்ணீருக்கு அடியில் இருக்கும் புரொப்பல்லர் அரித்துப்போய் மாற்ற வேண்டி வந்தால் என்ன செய்கிறார்? பழையதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, அதே அளவில், இருப்பதிலேயே மலிவாக இன்னொன்றை வாங்கி மாட்டிவிடுகிறார். வேலை முடிந்ததாம்.

முடியவில்லை சார், அன்றைக்குத்தான் செலவே ஆரம்பிக்கிறது.

விஷயம் இதுதான். இந்தப் படகுகளில் இருபது, முப்பது குதிரைத்திறனில் ஒரு சின்ன டீசல் எஞ்சின் இருக்கும். துறைமுகத்துக்குள் நுழைய, வெளியே வர, காற்றே இல்லாத நாளில் நகர. அதன் முனையில் அசையாத மூன்று இறக்கை கொண்ட வெண்கல புரொப்பல்லர். பாயை விரித்து எஞ்சினை அணைத்தாலும் அந்த மூன்று இறக்கைகளும் தண்ணீரை எதிர்த்து நின்றுகொண்டே இருக்கும். 16 அங்குல விட்டமுள்ள ஒன்றைச் சுழலாமல் பூட்டி வைத்து 5 நாட் வேகத்தில் இழுத்தால் அதன் தடை ஏறத்தாழ 20 கிலோ. அதாவது படகின் பின்னால் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி நாள் முழுக்க இழுத்துக்கொண்டு போகிற கதை.

பூட்டாமல் சுழலவிட்டால்? தடை குறையும். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2008-இல் இதை அளந்தே காட்டியது. அதற்குப் பிறகும் "பூட்டினால்தான் தடை குறைவு" என்று துறைமுகத்தில் சத்தியம் செய்கிறவர்கள் குறையவில்லை. ஆனால் சுழலவிட்டாலும் தடை போய்விடுவதில்லை. ஷாஃப்டின் சத்தமும் தாங்கியின் தேய்மானமும் வேறு இலவசமாகச் சேரும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த பிரச்சினையும் இல்லை. 1860-இல் பிரிட்டிஷ் கடற்படை நீரில் இறக்கிய வாரியர் என்ற இரும்புப் போர்க்கப்பலில் பாயும் உண்டு, நீராவி எஞ்சினும் உண்டு. பாயில் ஓடும்போது தடை இருக்கக்கூடாது என்று, டன் கணக்கில் எடையுள்ள புரொப்பல்லரை நூற்றுக்கணக்கான மாலுமிகள் கயிறு கட்டி மேலே தூக்கும்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். கப்பல் இன்றும் போர்ட்ஸ்மவுத்தில் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். அந்தக் காலத்து மாலுமிக்குப் புரிந்தது, இந்தக் காலத்துப் படகுக்காரருக்கு விலைச்சீட்டைப் பார்த்ததும் மறந்துவிடுகிறது.

சரி, அசையாத புரொப்பல்லர் எப்படிப் படகில் வந்தது? படகு கட்டியவர் போட்டார். ஏன் போட்டார்? மலிவு என்பதால். விற்பனைக்கு நிற்கும் படகில் வாங்க வருகிறவர் மெத்தையைப் பார்ப்பார், அடுப்பைப் பார்ப்பார். தண்ணீருக்கடியில் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்? கட்டியவருக்கு அது மிச்சம். அந்த மிச்சத்தின் வட்டியை வாங்கியவர் இருபது வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். வாங்கும் விலை வேறு, வைத்திருக்கும் செலவு வேறு என்பது வணிகவியல் முதலாண்டுப் பாடம்.

இன்னொரு பக்கம் விளம்பரக்காரர்கள். அவர்களையும் சும்மா விடக்கூடாது. "அரை நாட் வேகம் கூடும்" என்பார்கள். கேனரித் தீவுகளிலிருந்து செயின்ட் லூசியாவுக்கு 2,700 கடல் மைல். 5 நாட்டில் இருபத்திரண்டரை நாள், ஐந்தரை நாட்டில் இருபதரை நாள், ஆக இரண்டு நாள் லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். பெருக்கல் சரி, கதை தப்பு. அந்த வழியில் வியாபாரக் காற்று நன்றாக வீசும்போது படகு தன் உச்ச வேகத்தை ஒட்டியே ஓடும். நீர்மட்டத்தில் 27 அடி நீளமுள்ள உடலுக்கு அது சுமார் 7 நாட். அங்கே படகைப் பிடித்து இழுப்பது அது கிளப்பும் அலைதான், புரொப்பல்லரின் பங்கு சிறிது. லாபம் வருவது அங்கே இல்லை.

லாபம் வருவது காற்று மெலிந்த நாளில். 3 நாட், 4 நாட்டில் ஊர்ந்து போகும்போது அலைத்தடை அநேகமாக இல்லை. உடலின் உராய்வும் இந்த வாளியும்தான். அப்போது வாளியின் பங்கு பெரிது. வேகம் 3 நாட்டுக்குக் கீழே இறங்கியதும் மனுஷர் பொறுமை இழந்து சாவியைத் திருப்புகிறார். ஊரை விட்டு வந்ததே காற்றில் போகத்தான்; இப்போது டீசல் புகையில் போகிறார். அசையாத புரொப்பல்லர் பாய்மரப் படகை மெல்ல மெல்ல மோட்டார் படகாக்குகிறது. "எங்களுக்கு வேகம் எதற்கு, நாங்கள் பந்தயக்காரர்களா?" என்று கேட்பவர்கள் இதைத்தான் யோசிப்பதில்லை.

ரூபாய் அணாவில் பார்ப்போமா? சின்ன டீசல் மணிக்கு இரண்டரை லிட்டர் குடிக்கும். வருடத்துக்கு நூறு மணி நேரம் எஞ்சின் ஓட்டம் மிச்சமானால் 250 லிட்டர். லிட்டர் ஒன்றரை டாலர் என்று வைத்தால் 375 டாலர். நல்ல புரொப்பல்லருக்குக் கூடுதலாக 2,500 டாலர் கொடுத்தாலும் ஏழாவது வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும். எஞ்சின் ஆயிலும் தேய்மானமும் கணக்கில் சேரவில்லை. நூறு என்பதை அவரவர் தங்கள் பயணக் குறிப்பேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளட்டும். பிரச்சினையே அந்தக் குறிப்பேட்டைத் திறக்காமல் கடைக்குப் போவதுதான்.

மாற்று என்ன? இரண்டு வகை. மடங்கும் வகை பூ மொட்டுபோல் மூடிக்கொள்ளும். டென்மார்க்கின் கோரி, ஃப்ளெக்ஸோஃபோல்ட் போன்றவை. தடை மிகக் குறைவு. ஆனால் ரிவர்ஸ் போட்டால் நீரின் உந்துதல் இறக்கையை மூடப் பார்க்கும். சுழற்சியின் வேகம்தான் திறந்து வைக்க வேண்டும். பழைய இரட்டை இறக்கை மாடல்கள் இதில் சொதப்பின, பற்சக்கரம் வைத்த புதியவை தேவலை. இன்னொன்று ஃபெதரிங் வகை. பாயில் ஓடும்போது இறக்கைகள் கத்திபோல் விளிம்பைக் காட்டித் திரும்பி நிற்கும். ரிவர்ஸில் முழுதாகப் புரண்டுகொள்வதால் பின்னாலும் அதே பலம். இத்தாலியின் மேக்ஸ்-ப்ராப் இந்த ரகம். தெரியாத துறைமுகத்தில், பக்கக் காற்றில், பத்தடி முன்னால் வேறொருவர் படகு நிற்கும்போது நின்றாக வேண்டுமே! அதனால் திரிகிறவர்களுக்கு ஃபெதரிங்தான் சரி. இறக்கைகள் தட்டையாக இருப்பதால் முன்னோக்கிச் செல்கையில் கொஞ்சம் திறன் குறையும். குறையட்டும்.

"உள்ளே பற்சக்கரம், நடுக்கடலில் மக்கர் பண்ணினால்?" நியாயமான பயம். வருடம் ஒருமுறை கிரீஸ் அடைக்க வேண்டும், துத்தநாகத் தகட்டை மாற்ற வேண்டும், வெப்பக் கடலில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் சிப்பி ஒட்டி இறுக்கிவிடும். இதெல்லாம் பராமரிப்பு. பாய்க்கும் பராமரிப்பு உண்டு, அதற்காக யாரும் பாயைக் கழற்றி எறிவதில்லை.

ஒரே ஒரு கூட்டத்துக்கு விலக்கு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை உள்நாட்டு நீர்வழியிலேயே போகிறவர்கள், பிரான்சின் கால்வாய்களில் பாய்மரத்தைப் படுக்க வைத்துக்கொண்டு போகிறவர்கள். அவர்கள் நாள் முழுக்க எஞ்சினில்தான் ஓடுகிறார்கள். அசையாத மூன்று இறக்கையே போதும், காசை மிச்சம் பிடிக்கலாம்.

எதை வாங்கினாலும் பழைய எண்ணை அப்படியே எழுதிக்கொடுப்பது மகா தப்பு. 16, 11 என்று பொறித்திருந்தால் விட்டம் 16 அங்குலம், ஒரு சுற்றுக்கு ஏட்டளவில் முன்னேறுவது 11 அங்குலம். அந்த எண் எந்த எஞ்சினுக்கு? அமெரிக்கப் பழைய படகுகள் பலவற்றில் அட்டாமிக் ஃபோர் என்ற பெட்ரோல் எஞ்சின் இருந்தது. பெரும்பாலும் கியர் குறைப்பு இல்லாமல் நேரடி ஓட்டம், அதனால் புரொப்பல்லர் சின்னது. பிறகு அதை எடுத்துவிட்டு இரண்டுக்கு ஒன்று குறைப்புள்ள டீசலை வைத்திருப்பார்கள். புரொப்பல்லர் மட்டும் அதேதான்! முழு த்ராட்டிலில் எஞ்சின் தன் குறித்த சுற்றை எட்ட வேண்டும். எட்டாமல் கறுப்புப் புகை விட்டால் புரொப்பல்லர் பெரிது, தாண்டி ஓடினால் சிறிது. பத்து நிமிடச் சோதனை, கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது.

உலோகத்தையும் கேட்டு வாங்க வேண்டும். மாங்கனீஸ் வெண்கலம் பெயரில்தான் வெண்கலம். கிட்டத்தட்ட நாற்பது சதம் துத்தநாகம், உண்மையில் பித்தளை. உப்புநீரில் துத்தநாகம் கரைந்து இளஞ்சிவப்பாக வெளுத்தால் இறக்கை பொடியத் தயாராகிவிட்டது. நிக்கல் அலுமினிய வெண்கலம் நீண்ட நாள் உழைக்கும். கழற்றிய பழைய புரொப்பல்லர் வெளுக்காமல் இருந்தால் காயலான் கடைக்குப் போட வேண்டாம். நட்டும் சாவிக்கட்டையும் சேர்த்துப் படகின் அடித்தட்டில் வைத்தால், நடுவழியில் புதியது மக்கர் பண்ணுகிற அன்றைக்கு மாட்டிக்கொள்ள அதுவே உதிரி.