பனங்கூடல்



சோலை, தோப்பு, கூடல் என்ற மூன்று சொற்களுக்கும் பொருள் ஒன்றுதானா என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். மூன்றும் மரங்கள் கூட்டமாக நிற்கும் இடத்தையே குறிக்கின்றன. ஆயினும் வேறுபாடு உண்டு. சோலை என்றதும் நிழலும் குளிர்ச்சியும் நினைவுக்கு வரும். தோப்பு பெரும்பாலும் பயன் கருதி மனிதர் வைத்து வளர்த்தது. பனைகள் செறிந்து நிற்கும் இடத்தைத் தமிழ்நாட்டில் பனந்தோப்பு என்றும் பனங்காடு என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் சொல்வது பனங்கூடல்.

பாடு என்பதிலிருந்து பாடல், ஆடு என்பதிலிருந்து ஆடல் பிறந்ததுபோல, கூடு என்ற வினையிலிருந்து பிறந்தது கூடல். ஒன்றுசேர்தல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். பனையோடு கூடல் சேரும்போது பனங்காய், பனங்கிழங்கு, பனங்கட்டி என்பவை போலவே பனங்கூடல் ஆகிறது.

பழந்தமிழில் இச்சொல்லுக்குப் பல பயன்கள் இருந்தன. மதுரைக்குக் கூடல் என்றொரு பெயர் உண்டு. ஆறுகள் சேருமிடமும் கூடல்தான். பிரிந்தவரை எண்ணிக் காத்திருக்கும் பெண் கண்ணை மூடிக்கொண்டு மணலிலே வட்டம் வரைவாள். கோட்டின் இரு முனையும் சேர்ந்தால் அவர் வந்துவிடுவார் என்பது நம்பிக்கை. இதற்குக் கூடல் இழைத்தல் என்று பெயர். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் நாலாம் திருமொழி முழுவதும் இதைப் பற்றியதே. காணாமற்போனவருக்காக ஆண்டுக்கணக்கில் வழி பார்த்திருக்கும் எங்கள் சகோதரிகளுக்கு அந்த வட்டத்தின் பொருளை நான் விளக்கத் தேவையில்லை.

பனைக்கு இந்தச் சொல் எப்படிப் பொருந்தியது? பனம்பழம் பாரமானது. காற்றில் பறந்து போகாது. விழுந்த பழத்தை ஒருவரும் பொறுக்காவிட்டால் விதை பெரும்பாலும் தாய்மரத்தின் அடியிலேயே முளைத்து வடலியாகும். அந்த வடலி பூத்துக் காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். ஆணும் பெண்ணும் வெவ்வேறு மரங்கள் என்பதால், பெண் பனை காய்ப்பதற்கு அருகில் ஆண் பனை வேண்டும். ஆகவே பனை கூடி நிற்பது அதன் இயல்பு. தனியே நிற்பதை ஒற்றைப்பனை என்று வேறாகச் சொல்கிறோம்.

பனங்கூடல் பெண்களும் கூடுகிற இடமாக இருந்தது. ஆவணி, புரட்டாதியில் பழம் பொறுக்குவதும், பனாட்டுப் போடுவதும், பாத்தி போட்டுக் கிழங்கு எடுப்பதும், ஒடியல் காயவிடுவதும், ஓலை வார்ந்து பெட்டி இழைப்பதும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. கணவனை இழந்த பெண் எவரிடமும் கையேந்தாமல் பிள்ளைகளை வளர்க்க இந்த மரம் துணை நின்றது.

போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுள் பலருக்குக் காணிகள் பிற்காலத்தில் கட்டம் கட்டமாகவே விடப்பட்டன. திரும்பிப் போனவர்கள் பலர் கண்டது பற்றைக்காட்டைத்தான். வேலி இல்லை, கிணற்றடி தெரியவில்லை, அடையாளம் சொன்ன மரமும் இல்லை.

இங்கேதான் ஒரு சொல் கைகொடுக்கும். எங்கள் காணிகளுக்குப் பெயர் வைப்பது பழைய வழக்கம். மரத்தையோ கிணற்றையோ கூடலையோ வைத்து வந்த அந்தப் பெயர், பரப்புக் கணக்கோடும் நான்கு எல்லைகளோடும் உறுதியில் எழுதப்பட்டிருக்கும். மரம் போனாலும் பெயர் போகாது. உறுதி தொலைந்தவர்கள், பதிவுகள் அழியாமல் இருக்கும் இடங்களில், காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி பெறலாம். அங்கே போகும்போது காணியின் பெயரும் ஊரும் தெரிந்திருந்தால் தேடுவது இலகு.

ஆகையால் சகோதரிகளே, வீட்டிலுள்ள முதியவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள். காணியின் பெயர் என்ன, எத்தனை பரப்பு, நான்கு பக்கமும் யாருடைய காணிகள், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அம்மம்மாவுக்கு மட்டும் தெரிந்த பெயர் அவருடனேயே போய்விடக் கூடாது.

இன்னுமொன்று. கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிப்படுத்தப்பட்ட காணிக்குள் மட்டுமே கால் வையுங்கள். அதன் பின் பற்றை வெட்டும்போது அதற்குள் நிற்கும் வடலிகளைத் தறித்துவிடாதீர்கள். விழுந்து கிடந்த விதைகள் எவரும் இல்லாத காலத்தில் தாமாகவே முளைத்தவை அவை. விட்டுவைத்தால் உங்கள் பிள்ளைகளின் காலத்தில் அதே இடத்தைப் பனங்கூடல் என்று மறுபடியும் சொல்லலாம்.

அடுத்த இதழில் இன்னொரு சொல்லோடு சந்திப்போம்.