வெறுங்காலும் செருப்பும்

உதகையில் கோல்ஃப் ஆடுவோர் ஈரப்புல்லில் வழுக்காதிருக்க, அடியில் முள் பதித்த காலணியைத் தேர்கின்றனர். அதனை எவரும் குறை சொல்வதில்லை. வேங்கிக்காலில் வசிக்கும் நமக்கோ, அண்ணாமலையை 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு வலம்வருவதே மரபு. சித்திரைப் பௌர்ணமியன்று அந்தி சாய்ந்த பின்னும் தார்ச்சாலை சுடும். கார்த்திகை மழையில் ஊறிய பாதத்தைச் சரளைக்கல் எளிதில் கிழிக்கும். நலமான பாதம் உணர்ந்து விலகிக்கொள்ளும். நீரிழிவால் உணர்விழந்த பாதத்துக்கு வலி தெரியாது; கொப்புளத்தை வீடு திரும்பிய பின் கண்தான் காண வேண்டும். அத்தகைய ஒருவர் செருப்பணிந்து வலம்வந்தால் நம் பார்வை ஏன் முகத்தை விட்டுக் காலுக்குச் செல்கிறது? நாமும் அவ்வாறு பார்த்தவர்கள்தாம். வெறுங்கால் நம்முடைய நேர்த்தியாக இருக்கட்டும். பிறர்க்கு விதியாக வேண்டா.