ஆசைக்கு ஒரு விலை, காருக்கு ஒரு விலை



பழைய மொரிஸ் மைனர் கார் ஒன்றைக் கண்டால் சற்று நின்று பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. வாப்பா ஓட்டிய கார், மாமாவின் கலியாணத்தில் மாப்பிள்ளை வந்திறங்கிய கார் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் அதற்கொரு கதை இருக்கும். 1948 இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, பத்து இலட்சம் விற்பனையைத் தாண்டிய முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெருமையையும் அது பெற்றது.

இப்போது அப்படியொரு கார் உங்களிடம் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூரையை வெட்டித் திறந்த காராக மாற்றியிருக்கிறார்கள். ஜப்பான் எஞ்சின், அகலமான டயர், பளபளக்கும் சிவப்பு வர்ணம். எங்கோ மோதியதில் முன்பக்க மட்காட் நசுங்கியிருக்கிறது. விலையோ வானத்தில் நிற்கிறது. கேட்டால், "இதுக்கு எவ்வளவு செலவழிச்சிருக்கேன் தெரியுமா, நானா?" என்கிறார் உரிமையாளர்.

முதலில் இந்தக் கேள்வியிலேயே தெளிவு வேண்டும். அவர் செலவழித்தது அவருடைய ஆசைக்கு. அந்தச் செலவு முழுவதும் காரின் பெறுமதியோடு சேர்ந்துவிடாது. நாளை நீங்கள் விற்கப் போனால், அதே சிவப்பையும் அதே எஞ்சினையும் விரும்பும் ஒருவரைத் தேடிப்பிடிக்க வேண்டும். பழைய காரை நாடுவோரில் பலர் கேட்பது அதன் அசல் பாகங்களைத்தான். ஆகவே, கழற்றிய அசல் எஞ்சினும் கியர்பெட்டியும் எங்கே என்று தவறாமல் கேளுங்கள்.

அடுத்து, நசுங்கிய மட்காட்டைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அதை மட்டும் காட்டி விலை குறைத்துவிட்டதாக மகிழவும் வேண்டாம். மைனரின் மட்காட்கள் ஆணிகளால் பூட்டப்பட்டவை, கழற்றி மாற்றலாம். இத்தகைய உடற்பாகங்கள் 1990களில் இலங்கையிலேயே செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டதுமுண்டு. கண்ணுக்குத் தெரியும் சேதம் பெரும்பாலும் சிறியது. பணத்தை விழுங்குவது கண்ணுக்குத் தெரியாத துருதான்.

காரணம், மைனருக்குத் தனியான செசி கிடையாது. அதன் உடலே அதன் எலும்பு. முன்னிருக்கைகளுக்குக் கீழே குறுக்காகச் செல்லும் சட்டத்தில்தான் முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள் பிடிக்கப்பட்டிருக்கின்றன. அது உக்கியிருந்தால் மேலே எத்தனை வர்ணம் பூசியும் பயனில்லை. கதவுகளின் கீழ்ப்படி, பின் வில்தகடுகள் பூட்டிய இடம், தரைத்தகடு ஆகியவற்றையும் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வெட்கப்படாதீர்கள். துணி சுற்றிய சிறு காந்தமொன்றைக் கொண்டு செல்லுங்கள். அது ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கடற்கரை ஊர்க் காரென்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

கூரை வெட்டிய காருக்கு இன்னுமொரு சோதனை உண்டு. கம்பனியே திறந்த காராகச் செய்தவற்றில் கீழ்ப்படிகளுக்கும் கதவுத் தூண்களுக்கும் மேலதிக பலம் கொடுத்திருந்தார்கள். சாதாரண காரின் கூரையை வெட்டியவர்கள் அந்தப் பலத்தைச் சேர்க்காவிட்டால் கார் நடுவில் வளையும். கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தியபின் கதவைத் திறந்து மூடுங்கள். மூட மறுத்தால், அங்கேயே ஸலாம் சொல்லித் திரும்பலாம். அந்தக் காரில் போகப்போவது உங்கள் பிள்ளைகள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி மேலும் கீழும் அசைத்தும் பாருங்கள். சக்கரத்தைத் தாங்கும் கீழ்ப்புறத் திருகு மூட்டுக்கு ஒழுங்காகக் கிரீஸ் போடாவிட்டால் அது தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும். இவற்றையெல்லாம் பார்க்க மெக்கானிக் மட்டும் போதாது. நம்பிக்கையான டிங்கர் பாஸ் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவல்ல.

பதிவுப் புத்தகத்தையும் காரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், நிறம், உடலின் வகை எல்லாம் பொருந்த வேண்டும். மாற்றிய எஞ்சின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்படவில்லையென்றால், அந்தத் தலைவலி நாளை உங்களுடையது. விற்பவரின் பெயரிலேயே கார் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, இதே வகையில் நல்ல நிலையிலுள்ள கார் 18 இலட்சத்துக்குப் போகிறது. திருத்த வேலைக்கு 6 இலட்சம் என்கிறார் பாஸ். பழைய காரைப் பிரித்தால் புதிய குறைகள் கிளம்பும். அதற்கென 2 இலட்சம் ஒதுக்குங்கள். ஆக, அந்தக் காருக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது 10 இலட்சம். அவர் 16 கேட்கிறார். கொடுத்தால், 18 இலட்சம் பெறும் காருக்கு 24 இலட்சம் செலவழித்திருப்பீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதைத்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய கார்களின் விலையும் ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆனால் பலருடைய மனதில் இன்னும் அந்தக் காலத்து விலைதான் இருக்கிறது.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படியல்ல. உடல் உறுதியாக, பத்திரம் சுத்தமாக, விலை உங்கள் கணக்குக்குள் வந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் வீட்டில் ஒரே வாகனம் இதுவாகத்தான் இருக்குமென்றால், மனைவியின் நகையோ மகளின் படிப்புக்கான சேமிப்போ இதற்குள் போகுமென்றால், ஒன்றுக்கு இரண்டு தடவை வீட்டில் கலந்து பேசுங்கள். முற்பணம் கொடுக்கும் முன் ஒரு இரவு பொறுங்கள். "வேறு ஆள் நிற்கிறார்" என்று அவசரப்படுத்தினால், அந்த வேறு ஆளே வாங்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

வாப்பாவின் காரைப் பற்றிய நினைவு விலைமதிப்பற்றதுதான். அந்த நினைவுக்கு இன்னொருவர் விலை குறிக்க இடம் கொடாதீர்கள்.